டெவ்ஆப்ஸ் வேலை: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பழகத் தொடங்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் படம் பார்ப்போம், போட்டோக்களை ஏற்றி வைப்போம். இரண்டாவது மாதம் வீட்டில் ஒரு கேள்வி எழும். "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதை வைத்து ஒரு வேலைக்குப் போக முடியுமா?"

எங்கள் பாகலூரில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். ஊர் இருக்கும் இடம் அப்படி. ஒரு பக்கம் ஓசூர் தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் கர்நாடக எல்லை, அதைத் தாண்டினால் பெங்களூருவின் சாப்ட்வேர் அலுவலகங்கள். ஐடிஐ, டிப்ளமோ, இன்ஜினியரிங் எது முடித்தாலும் இங்குள்ள பிள்ளைகள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் இன்ஜினியரிங் முடித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் சாப்ட்வேர் வேலைக்குப் போகிறவன். அதனால் கேள்விகள் என்னிடம் வருகின்றன.

சென்ற மாதம் எங்கள் தெருவில் டிப்ளமோ முடித்த ஒரு தம்பி கேட்டான். "அண்ணா, டெவ்ஆப்ஸ் கோர்ஸ் சேரட்டுமா? நாற்பதாயிரம் கேட்கிறார்கள். அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார்." அவன் அப்பா ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. நாற்பதாயிரம் அந்த வீட்டுக்கு விளையாட்டுப் பணம் அல்ல. "இரண்டு மாதம் பொறு. உன் கம்ப்யூட்டரில் நான் சொல்வதைச் செய்து பார். பிடித்திருந்தால் கோர்ஸைப் பற்றிப் பேசலாம்" என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

டெவ்ஆப்ஸ் என்றால் என்ன?

சாப்ட்வேர் கம்பெனியில் இரண்டு கூட்டம் உண்டு. புரோகிராம் எழுதுபவர்கள் ஒரு கூட்டம். அதை சர்வரில் ஏற்றி, இரவும் பகலும் நிற்காமல் ஓட வைப்பவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்கு டெவலப்மென்ட் என்று பெயர், இரண்டாவதற்கு ஆபரேஷன்ஸ். இரண்டின் முதல் பாதிகளையும் சேர்த்து ஒட்டியதுதான் டெவ்ஆப்ஸ்.

ஏன் ஒட்ட வேண்டும்? தொழிற்சாலை வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். டிசைன் பிரிவு ஒரு பாகத்தின் அளவை மாற்றி வரைபடம் அனுப்பிவிடும். இரவு ஷிப்ட்டில் லைன் நின்றுபோனால் திட்டு வாங்குபவர் மெயின்டனன்ஸ் ஆள். வரைந்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். சாப்ட்வேரிலும் நெடுங்காலம் இதே கதைதான். எழுதியவர் "என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே" என்பார். ஓட்டுபவர் "சர்வரில் ஓடவில்லையே" என்பார்.

2009 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில் பிளிக்கர் என்ற போட்டோ இணையதளத்தின் இன்ஜினியர்கள் ஜான் ஆல்ஸ்பா, பால் ஹாமண்ட் இருவரும், தாங்கள் ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் புது மாற்றங்களை சர்வரில் ஏற்றுவதாகச் சொன்னார்கள். மாதக் கணக்கில் காத்திருந்து ஏற்றிப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி. இரண்டு கூட்டமும் ஒன்றாக உட்கார்ந்தால் இது முடியும் என்பதே அவர்கள் பேச்சின் சாரம். அதை பெல்ஜியத்திலிருந்து இன்டர்நெட் வழியாகப் பார்த்த பாட்ரிக் டெபாய் என்பவர், அதே ஆண்டு அக்டோபரில் கென்ட் நகரில் ஒரு கூட்டம் கூட்டி அதற்கு 'டெவ்ஆப்ஸ்டேஸ்' என்று பெயர் வைத்தார். பெயர் பிறந்தது அங்கேதான்.

பெயர் புதிது. ஆனால் சரக்கில் பாதி தொழிற்சாலையிலிருந்து வந்தது. இந்தத் துறையில் பலரும் படிக்கும் 'தி பீனிக்ஸ் புராஜெக்ட்' என்ற 2013ஆம் ஆண்டுக் கதைப் புத்தகத்தில், ஐடி ஆபரேஷன்ஸ் பிரிவின் தலைவர் பாடம் கற்றுக்கொள்ளப் போகும் இடம் ஒரு தொழிற்சாலைத் தளம். வேலை எங்கே தேங்குகிறது, எந்த மெஷினுக்காக மற்ற எல்லாம் காத்திருக்கின்றன என்று அங்கே பார்த்துத் தெரிந்துகொள்கிறார். டொயோட்டாவில் பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்ற முறையும் இந்தத் துறைக்கு வந்துவிட்டது. சோதனையில் ஒரு பிழை தெரிந்தால் மாற்றம் மேலே போகாமல் தானாக நின்றுவிடும்.

ஆகவே, அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் சூழ்ந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள், "எங்களுக்கு சாப்ட்வேர் பின்னணி இல்லை" என்று கூச்சப்பட வேண்டியதில்லை. லாக் புக் எழுதுவது, ஷிப்ட் மாறும்போது விவரம் ஒப்படைப்பது, பிரேக்டவுன் ஆவதற்கு முன்பே பராமரிப்பது எல்லாம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சில் உள்ளவை. இந்த வேலைக்கு அவை கால்வாசித் தகுதி என்பேன்.

ஒரு பைல் உலகை நிறுத்திய நாள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனம் நம் நேரப்படி காலை 9:39க்கு ஒரு சிறிய அப்டேட் பைலை அனுப்பியது. அதில் பிழை. அது போய்ச் சேர்ந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன, மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆயின. 78 நிமிடத்தில் பைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெங்களூரு விமான நிலையமும் தப்பவில்லை.

பிழை எல்லோருக்கும் வரும். அந்த மாற்றம் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்தில் போனதுதான் சேதத்தைப் பெரிதாக்கியது. முதலில் நூறு கம்ப்யூட்டருக்கு அனுப்பி, கொஞ்ச நேரம் பார்த்து, பிறகு ஆயிரத்துக்கு அனுப்பியிருந்தால் சேதம் சிறிதாக முடிந்திருக்கும். அதன்பின் அந்த நிறுவனமும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது. டெவ்ஆப்ஸ் ஆளின் சம்பளம் இந்தப் பொறுமைக்குத்தான்.

இனி நம் கம்ப்யூட்டருக்கு வருவோம். விண்டோஸ் 11 உள்ளதாக வைத்துக்கொள்கிறேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் கீழே உள்ள முதல் இரண்டு பயிற்சிகள் அதிலும் அப்படியே இயங்கும். கட்டளைகளின் உச்சரிப்பை மட்டும் இங்கே தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் செய்யுங்கள்.

பயிற்சி 1: கம்ப்யூட்டரின் லாக் புக்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ஈவென்ட் வியூவர்' என்று டைப் செய்து திறவுங்கள். இடது பக்கம் 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதை விரித்து 'சிஸ்டம்' மீது கிளிக் செய்யுங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் வரும். சிவப்புக் குறியுள்ள வரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அவை இருக்கும்.

வலது பக்கம் 'பில்டர் கரன்ட் லாக்' என்று இருக்கும். அதைக் கிளிக் செய்து, ஈவென்ட் ஐடி கேட்கும் கட்டத்தில் 41 என்று கொடுங்கள். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்று, மீண்டும் துவங்கிய நேரங்கள் பட்டியலாக வரும். கரண்ட் போய் கம்ப்யூட்டர் திடீரென நின்ற நாட்களும் அதில் இருக்கும். பிறகு 6005, 6006 ஆகிய எண்களைக் கொடுத்துப் பாருங்கள். முதலாவது கம்ப்யூட்டர் துவங்கியதன் அடையாளம், இரண்டாவது ஒழுங்காக மூடப்பட்டதன் அடையாளம். நீங்கள் வீட்டில் இல்லாதபோது கம்ப்யூட்டர் எப்போது திறக்கப்பட்டது என்ற குடும்பப் பஞ்சாயத்தையும் இதை வைத்துத் தீர்க்கலாம்!

ஒரு வாரம் தினமும் ஐந்து நிமிடம் இதைப் படியுங்கள். "என்னமோ ஆச்சு, நின்னுபோச்சு" என்ற பேச்சு மாறி, "இத்தனை மணிக்கு, இந்த நிகழ்வுக்குப் பிறகு நின்றது" என்று சொல்ல வரும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் என்னிடம் எதிர்பார்த்தது இதைத்தான்.

பயிற்சி 2: தானாக நடக்கும் பேக்கப்

சி டிரைவில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். பெயரை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் இந்தப் பயிற்சியில் சிக்கல் வரலாம். நோட்பேட் எழுத்துகளைச் சேமிக்கும் முறையும் கறுப்புத் திரை அவற்றைப் படிக்கும் முறையும் வேறு வேறாக இருப்பதே காரணம். போல்டருக்குள் உங்களுக்கு முக்கியமான சில பைல்களைப் போடுங்கள். ஒரு பென்டிரைவைச் செருகி, அதற்கு என்ன எழுத்து வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்பேடைத் திறந்து ஒரே வரி எழுத வேண்டும். முதலில் 'ரோபோகாப்பி' என்ற சொல். இடைவெளி விட்டு உங்கள் போல்டரின் முழு முகவரி. மீண்டும் இடைவெளி விட்டு பென்டிரைவில் நகல் போக வேண்டிய போல்டரின் முகவரி. பிறகு இடைவெளி, ஒரு சாய்கோடு, 'இ' என்ற ஆங்கில எழுத்து. சேவ் செய்யும்போது 'சேவ் அஸ் டைப்' என்ற இடத்தில் 'ஆல் பைல்ஸ்' தேர்ந்தெடுத்து, பெயரின் இறுதியில் புள்ளி வைத்து 'பேட்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள். அந்த பைலை டபுள் கிளிக் செய்தால் கறுப்புத் திரை வந்து போகும். பென்டிரைவைத் திறந்து பாருங்கள், நகல் இருக்கும்.

இன்டர்நெட்டில் தேடினால் 'மிர்' என்ற விருப்பத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். இப்போதைக்கு வேண்டாம். அது மூலத்தில் இல்லாத பைல்களை நகலிலிருந்தும் அழித்துவிடும்.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் 'டாஸ்க் ஷெட்யூலர்' திறந்து, 'கிரியேட் பேசிக் டாஸ்க்' கிளிக் செய்யுங்கள். பெயர் கொடுங்கள், 'டெய்லி' தேர்ந்தெடுங்கள், நேரம் கொடுங்கள், 'ஸ்டார்ட் எ புரோகிராம்' என்பதில் நம் பைலைக் காட்டுங்கள். அவ்வளவுதான். லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சார்ஜரில் இல்லாவிட்டால் இந்த வேலை ஓடாதபடி கண்டிஷன்ஸ் பக்கத்தில் ஏற்கெனவே டிக் இருக்கும். தேவையானால் எடுத்துவிடுங்கள்.

பயிற்சி இன்னும் முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, நகலிலிருந்து ஒரு பைலை வேறு இடத்துக்கு எடுத்து, திறக்கிறதா என்று பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து வகையான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும், நம்பி எடுக்கும் நிலையில் எதுவும் இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தகவல்கள் போயின. நிறுவனம் இதை ஒளிக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

பயிற்சி 3: பழைய நிலைக்குத் திரும்புதல்

'கிட்' என்ற இலவச சாப்ட்வேரை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது இது. உங்கள் போல்டரில் ரைட் கிளிக் செய்து 'கிட் பாஷ்' திறந்து, 'கிட் இனிட்' என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு 'கிட் ஆட்', இடைவெளி, ஒரு புள்ளி. அதன்பின் 'கிட் கமிட்'டுடன் ஒரு சிறு கோடு, 'எம்' எழுத்து, மேற்கோள் குறிக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற குறிப்பு. முதல் முறை உங்கள் பெயரும் இமெயிலும் கேட்கும். எப்படிக் கொடுப்பது என்பதைத் திரையிலேயே சொல்லும். கொடுத்துவிட்டு, கமிட் கட்டளையை மறுபடி ஒருமுறை கொடுங்கள்.

இப்போது ஒரு டெக்ஸ்ட் பைலைத் திறந்து பாதியை வேண்டுமென்றே அழித்து சேவ் செய்யுங்கள். 'கிட் ரீஸ்டோர்' என்று டைப் செய்து அந்த பைலின் பெயரையும் கொடுங்கள். அழித்தது திரும்ப வந்திருக்கும். இதை முதல் தடவை பார்க்கும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே இந்தத் துறைக்கு வரலாம்.

இந்த மூன்றும் பழகியபின் லினக்ஸ் பக்கம் போகலாம். பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டபிள்யூ, எஸ், எல் ஆகிய மூன்று எழுத்துகள், இடைவெளி, இரண்டு சிறு கோடுகள், ஒட்டி 'இன்ஸ்டால்' என்று கொடுத்தால் விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு லினக்ஸ் வந்துவிடும். 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் திணறும், 8 ஜிபி நல்லது. உலகின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுவதால் இதைத் தவிர்க்க முடியாது.

பெயர்ப் பலகைகள் மாறும்

இந்தத் துறையின் கருவிகளைப் பாருங்கள். ஹட்சன் என்ற சாப்ட்வேர் 2011இல் ஜென்கின்ஸ் ஆனது. 2013இல் டாக்கர் வந்தது, 2014இல் குபர்நெட்டிஸ் வந்தது. பல நிறுவனங்கள் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8 லினக்ஸின் ஆதரவு, 2029 வரை இருக்கும் என்று எதிர்பார்த்தது, 2021 டிசம்பருடன் நின்றது. டெராபார்ம் 2023இல் லைசென்ஸை மாற்றியது, அதிலிருந்து ஓபன்டோபு பிரிந்தது. ஒரு கருவியின் பெயரை மட்டும் நம்பி வந்தவர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். லாக் படிப்பது, மாற்றத்தைச் சிறிதாகச் செய்வது, திரும்பும் வழியை வைத்துக்கொள்வது ஆகியவை தெரிந்தவருக்குப் புதுக் கருவி சில வார வேலை. நான் டெஸ்டிங்கில் சேர்ந்தேன், பிறகு பில்ட் அண்ட் ரிலீஸ், இப்போது டெவ்ஆப்ஸ். பதவியின் பெயர் இரண்டு முறை மாறியது. உள்ளே செய்வதில் பாதி ஒன்றுதான்.

நீண்ட காலம் நிலைப்பதற்கு நம் மொழியிலேயே ஓர் உதாரணம் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அது டாஸ் காலம். பிறகு விண்டோஸ் வந்தது, எழுத்துருக் குறியீடுகள் மாறின, யூனிகோடு வந்தது. 2005இல் அவருடைய செல்லினம் கைபேசிக்குத் தமிழைக் கொண்டுபோனது. ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் வரும் இணைமதி எழுத்துருவும் அவர் ஆக்கம். கருவி எத்தனை முறை மாறினாலும், 'கம்ப்யூட்டரில் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டும்' என்ற ஒரே பிரச்சினையை நாற்பது ஆண்டுகளாக அவர் விடவில்லை.

"ஏஐ வந்துவிட்டதே, இனி இந்த வேலை இருக்குமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், மேலே சொன்ன பேட் பைலை அது நொடியில் எழுதித் தரும். நானே தினமும் அப்படி எழுத வைக்கிறேன். ஆனால் எழுதியதில் 'மிர்' இருக்கிறதா, அது எதை அழிக்கும் என்று பார்த்து, ஓட்டலாமா வேண்டாமா என முடிவு செய்பவர் வேண்டும். ஏட்டில் பார்த்து எழுதும் வேலை குறையும். ஆரம்ப நிலை வேலைகள் முன்புபோல எளிதில் கிடைக்காது என்றே நினைக்கிறேன். அதனால்தான் கடன் வாங்கும் முன் பழகிப் பாருங்கள் என்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த வேலையில் 'ஆன்-கால்' உண்டு. உங்கள் முறை வரும் வாரத்தில் இரவு இரண்டு மணிக்கும் போன் அடிக்கலாம். ஷிப்ட் பார்க்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. ஆனால் ஆலையில் ஷிப்ட் முடிந்தால் கேட்டுக்கு வெளியே வந்துவிடலாம். இங்கே லேப்டாப் கூடவே வரும். இன்டர்வியூவில் "ஆன்-கால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? மறுநாள் ஓய்வு உண்டா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இலவசமாகப் படிக்க, ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் உள்ளன. கணியம் தளத்தில் தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் கிடைக்கும். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதினால் மட்டும் உண்டு. கல்லூரியில் படிப்பவர்கள் 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் என்ன பயிற்சி உள்ளது என்று கல்லூரியிலேயே கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் கட்டிக் கோர்ஸ் சேர விரும்பினால், சேரும் முன் பயிற்சி நிலையத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் உடைத்துப் பழக எனக்கென்று தனி சர்வர் தருவீர்களா? உடைந்ததை நானே சரி செய்ய விடுவீர்களா, நீங்கள் செய்து காட்டுவீர்களா? பாதியில் நின்றால் மீதிப் பணம் திரும்ப வருமா? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.